டாலிவர் அழுத பாட்டு

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு இந்தப் பொட்டியை மடியில வெச்சுக்க எடம் இருந்தாப் போதும். மேல கேரியர்ல வெக்க மாட்டேன். போன தடவை ஒரு கண்டக்டர் இதைத் தையல் மெஷின்னு நெனச்சு லக்கேஜ் போட்டுட்டார். ரெகார்டு பிளேயருங்க இது. இந்தத் துணிப்பையில இருக்கறது ரெகார்டு. ஒண்ணே ஒண்ணுதான்.

என்ற காலைப் பாக்கறீங்க. வேட்டி சட்டை எல்லாம் இஸ்திரி போட்டிருக்கான், காலுல மட்டும் பாத்ரூம் செருப்பு போட்டிருக்கானேன்னு பாக்கறீங்க. அதுக்கு அப்பறம் வர்றேன். அது தனி வயித்தெரிச்சல்.

நீங்க காதுல மாட்டியிருக்கறதைப் பாத்துத்தான் இங்க வந்து உக்காந்தேன். பாட்டுக் கேக்கற ஆளுகிட்டச் சொன்னாத்தான் என்ற நாயம் புரியும். ஒண்ணு கேக்கறேன். ஒருத்தன் உங்க ஊட்டுக்கு வர்றான். நீங்க இல்லாத நேரமாப் பாத்து, உங்களைக் கேக்காம, உங்க சாமானைத் தொறந்து, அதுல இருந்த கோளாறைச் சரி பண்ணி வெச்சுட்டுப் போயிடறான். உங்களுக்குக் கோவம் வருமா, வராதா? வராதும்பீங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. என்ற சம்சாரம் தனபாக்கியமும் அதையேதான் சொல்லிப்போட்டு நேத்து அவ பொறந்த ஊட்டுக்கு, அவிநாசிக்குப் போயிட்டா. சரி பண்ணிட்டுப் போனவன் அவ தம்பிதான்.

அவனுக்கு நாளைக் காலையில புது ஊட்டுல பால் காய்ச்சறாங்க. அக்காளும் மச்சானும் முன்னால நிக்கணும். நான் போறதா இல்லை. நான் பொள்ளாச்சிக்குப் போறேன். சாயங்காலம் அங்க எனக்கு மீட்டிங். அவ நேத்துப் பையைத் தூக்கிட்டு வாசப்படியில நின்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டா. "அழுகற டாலிவரைக் கூட்டிட்டுப் போறீங்களா, சிரிக்கற டாலிவரையா?"ன்னா. நான் பேப்பர் படிக்கற மாதிரி இருந்துட்டேன். பேப்பர் முந்தின நாளோடது.

டாலிவர் யாருன்னு சொல்லலை பாருங்க. எஸ்ரா டாலிவர். அமெரிக்காக்காரர், கறுப்பர், ப்ளூஸ் பாடறவர். ப்ளூஸ்னா சோகப் பாட்டுன்னு நான் எங்கயோ படிச்சு வெச்சிருந்தேன். அந்த அரைகுறைதான் எல்லாத்துக்கும் ஆரம்பம்.

நான் ஸ்பின்னிங் மில்லுல பஞ்சு வாங்கற டிபார்ட்மென்ட்டுல இருந்தவன். ரிடையர் ஆன புதுசுல, குன்னூர்ல ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி பண்றாங்கன்னு கேள்விப்பட்டு வேடிக்கை பாக்கப் போனேன். ரிடையர் ஆனவனுக்கு அடுத்தவன் ஊட்டைக் காலி பண்றதைப் பாக்கறதுல ஒரு சந்தோசம். கால் ஒடஞ்ச நாற்காலி, மான் கொம்பு, பீங்கான் ஜாடி, நடுவுல இந்தப் பொட்டி. சுத்தற தட்டு மேலயே இந்த ரெகார்டு கெடந்துச்சு. ரெண்டையும் சேத்தே வாங்கிட்டு வந்தேன்.

அட்டையைப் பாருங்க. தொப்பி போட்ட கெழவர், மடியில கிடார், தலையைக் குனிஞ்சுட்டு உக்காந்திருக்காரு. 'சன்டே ஈவினிங்'னு பேரு. பின்னட்டையைப் பூச்சி அரிச்சிருச்சு. பாட்டுப் பேருகளும், எழுபத்தஞ்சு வயசுல மறுபடி ஸ்டுடியோவுக்கு வந்து பாடினதுன்னு ஒரு வரியுந்தான் மிச்சம். ஞாயித்துக்கெழமை சாயங்காலம்னு பேரு வெச்சுட்டு எழுபத்தஞ்சு வயசுக் கெழவர் தலையைக் குனிஞ்சிருந்தா நீங்க என்ன நெனப்பீங்க? வாழ்க்கையோட அந்தின்னுதான் நெனப்பீங்க. நான் நெனச்சேன்.

ஊட்டுக்கு வந்து போட்டேன். அந்தக் குரலை எப்படிச் சொல்றது தம்பி. பெரிய அண்டாவை மாடிப்படியில மெதுவா எறக்கற மாதிரி ஒரு குரல். ஒரு வார்த்தை சொல்லுவாரு. அடுத்த வார்த்தைக்கு நாம காத்துட்டிருக்கணும். வரும், ஆனா எழுந்து வர்றதுக்கே அதுக்குத் தெம்பு இல்லாத மாதிரி வரும். இங்கிலீசு ஒண்ணும் புரியலை. புரியாததும் நல்லதுக்குத்தான்னு தோணுச்சு.

அப்ப எனக்கு நேரம் சரியில்லைங்க. மில்லுல இருந்த வரைக்கும் டெலிபோன் அடிச்சுட்டே இருக்கும். பஞ்சைக் கையில எடுத்து ரெண்டு இழுப்பு இழுத்துப் பாத்து நான் ஒரு தலையாட்டினா லாரி கெளம்பும். ரிடையர் ஆன பொறவு யாரும் எதுக்கும் என்னைக் கேக்கறதில்லை. நெஞ்சுல என்னமோ அடைச்சுட்டே இருந்துச்சு. கேஸ் டிரபிள்னு நெனச்சுப் பெருங்காயம் கரைச்சுக் குடிச்சுட்டு இருந்தேன். டாலிவர் பாடினதுக்கப்பறந்தான் அது துக்கம்னு தெரிஞ்சுது. அழுதேங்க. எங்கப்பன் செத்தப்பக்கூடப் பந்தல்காரனுக்கும் சமையல்காரனுக்கும் ஆள் விடறதுலயே இருந்துட்டேன், அழுகலை. யாருன்னே தெரியாத ஒரு அமெரிக்காக்காரர் என்னை அழுக வெச்சாரு.

அன்னீலிருந்து தெனமும் சாயங்காலம் டாலிவர். அந்த நேரத்துல ஊட்டுல சத்தம் கூடாது. மிக்சி போடக்கூடாது. அதனால ரெண்டு வருசமா எங்க ஊட்டுல ராத்திரி தோசைக்குச் சட்னி கெடையாது, பொடிதான். கலைக்காகச் செஞ்ச தியாகம். செஞ்சது தனபாக்கியம்.

அவ மொத நாள் கேட்டதும் என்ன கேட்டா தெரியுமா? "இந்த மனுசனுக்கு ஒடம்பு சரியில்லீங்களா?"ன்னு கேட்டா. அப்பறம் ஒரு நாள், "பேட்டரி தீந்த ரேடியோவாட்ட இருக்குதுங்க"ன்னா. எனக்குக் கோவம் வந்துருச்சு. ரசனைங்கறது எல்லாருக்கும் வராது, நீ போயி மாவை ஆட்டுன்னேன். இல்ல, மாவு ஆட்டக்கூடாது, சத்தம் வரும், சும்மா உக்காருன்னேன். அவளும் சும்மா உக்காந்துட்டா. நாளாக நாளாகப் பேச்சே கொறஞ்சு போச்சு. டாலிவர் அவளையும் பக்குவப்படுத்திட்டாருன்னு நான் நெனச்சுட்டு இருந்தேன்.

அப்பத்தான் கட்டுரை எழுதினேன். 'நாலாம் பக்கம்'னு எங்க ஊருல ஒரு சின்னப் பத்திரிக்கை வருது. நடத்தறவரு ஞானவடிவேல்னு ஒரு தமிழாசிரியர். என்ற பேரு நாச்சிமுத்து. நாச்சிமுத்துன்னு போட்டா ப்ளூஸுக்குப் பொருந்தாதேன்னு 'நீலவிரதன்'னு வெச்சுக்கிட்டேன். சிரிங்க, பரவாயில்லை. தனபாக்கியமும் சிரிச்சா. அந்த ரெண்டு வருசத்துல அவ சிரிச்சது அந்த ஒரு தடவைதான்.

கட்டுரை எனக்கு இன்னும் மனப்பாடம். 'இரு சொற்களுக்கு நடுவே டாலிவர் விடும் இடைவெளியில் ஓர் இனத்தின் முந்நூறு ஆண்டுகள் நிற்கின்றன.' எப்படி? மூணாவது பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னால ஒரு சத்தம் வரும், ஊம் ஊம் ஊம்னு. அதுக்கு எழுதினேன்: 'பாடகர் பாடுமுன்பே விம்முகிறார். விம்மலே அவருடைய சுருதி.' அந்தப் பாட்டோட பேரு, என்ற செருப்பை எங்க வெச்சேன்னு கேக்கற மாதிரி வரும் இங்கிலீசுல. 'செருப்பு மறுக்கப்பட்ட மக்கள் வரலாற்றை நோக்கி எழுப்பும் வினா' அப்படீன்னு அதுக்கு மட்டும் ஒரு பக்கம் எழுதியிருந்தேன்.

பேரு வந்துருச்சு தம்பி. ஈரோட்டுல இருந்து ஒரு கவிஞர் போன் பண்ணி அழுதாரு. மறுபடி என்ற டெலிபோன் அடிக்க ஆரம்பிச்சுது. நீங்க சின்ன வயசு, அதோட அருமை உங்களுக்குத் தெரியாது. நெஞ்சடைப்பு போயே போச்சு. ஆனா டாலிவரைக் கேக்கறதை நிறுத்தலை. இனி துக்கப்படறது ஒரு பொறுப்பாயிருச்சு இல்லீங்களா.

ஞானவடிவேல் கட்டுரையைச் சின்னப் புத்தகமாப் போட்டு, போன மாசம் கோயமுத்தூர்ல ஒரு ஹால் எடுத்து வெளியீட்டு விழா வெச்சாரு. நான் பேசி முடிச்சதும் இந்தப் பொட்டியிலயே டாலிவரைப் போட்டுக் காட்டறதா ஏற்பாடு. விழாவுக்கு முந்தின நாள் நான் ஒரு விரதம் மாதிரி ரெகார்டைப் போடாம இருந்தேன். மனசுல குரலைச் சேத்து வெக்கறேனாம். அந்த விரதந்தான் என்னைக் கவுத்துச்சு.

அன்னைக்கு மத்தியானம் நான் ஹால்ல நாற்காலி போடறதைப் பாக்கப் போயிட்டேன். என்ற மச்சினன் வந்திருக்கான். மௌனகுருன்னு பேரு. பேருதான் அப்படி, வாய் மூடாது. அவிநாசியில கிரைண்டர் கடை வெச்சிருக்கான். பால் காய்ச்சறதுக்குப் பத்திரிக்கை வெக்க வந்திருக்கான். அக்காளைக் கட்டினவன் கையில தட்டத்தோட நேர்ல குடுக்காமப் போனா அவனுக்கு மரியாதை இல்லை, எனக்கும் மரியாதை இல்லை. அதனால நான் வர்ற வரைக்கும் காத்துட்டு உக்காந்திருந்திருக்கான். சும்மா உக்காரத் தெரியாத பையன். எந்த மோட்டாரையும் ஓட்டிப் பாக்காம விடமாட்டான். இந்தப் பொட்டியை ஓட்டிப் பாத்திருக்கான். "ஏனக்கா, பெல்ட்டு தொங்கிப் போயிக் கெடக்குது, இதுலயா மச்சான் பாட்டுக் கேக்கறாரு?"ன்னு கேட்டுப்போட்டு, கார் டிக்கியில இருந்து என்னத்தையோ எடுத்து, பழசைக் கழட்டிட்டுப் புதுசா ஒண்ணை மாட்டிட்டான். மச்சானுக்குச் சர்ப்ரைஸா இருக்கட்டும், சொல்லாதேன்னு அக்காகிட்டச் சொல்லியிருக்கான். நான் வந்ததும் தட்டத்தை நீட்டினான். ஒரு மாதிரி சிரிச்சுட்டே நீட்டினான். புது ஊடு கட்டின பெருமைன்னு நெனச்சு நானும் வாங்கிக்கிட்டேன்.

மறுநாள் ஹால். நல்ல கூட்டம். தனபாக்கியம் மொத வரிசையில, பட்டுச்சேலையில. நான் மேடைப் பேச்சுக்குன்னே ஒரு தோல் செருப்பு வாங்கியிருந்தேன், அதைப் போட்டுட்டு மேடை ஏறினேன். முக்கா மணி நேரம் பேசினேன். அந்தக் குரல் எப்படி எறங்கும், எப்படித் தவிக்கும், எங்க விம்மும், எல்லாம் சொன்னேன். "இனி டாலிவர் பேசட்டும். கண்களை மூடிக்கொள்ளுங்கள்"னு சொல்லிட்டு முள்ளை எறக்கினேன்.

மூணாவது பாட்டுங்க. விம்மல் வரணும். வந்தது சிரிப்பு.

அந்தக் கெழவர் சிரிக்கறாரு தம்பி. பியானோ வாசிக்கறவன்கிட்ட என்னமோ சொல்லிட்டு, ஹஹ்ஹான்னு சிரிக்கறாரு. அப்பறம் டிரம்மும் கிடாரும் ஒண்ணாக் கெளம்புது. கல்யாண ஊட்டுல சம்பந்தி வந்து எறங்கற மாதிரி ஒரு கெளம்பல். குரல்ல அண்டாவும் இல்லை, மாடிப்படியும் இல்லை. நல்லாச் சாப்பிட்டுட்டு வெத்தலை போட்ட ஒரு மனுசன் சந்தோசமாப் பாடறான். மௌத் ஆர்கன் வருமே, அதை 'பிரிந்து செல்லும் ரயிலின் ஓலம்'னு எழுதியிருந்தேன். அது கோழி கொக்கரிக்கற மாதிரி இருந்துச்சு. கோழி மாதிரி வாசிக்கணும்னே வாசிச்சிருக்கான்.

கூட்டத்தைப் பாத்தேன். ஒருத்தரும் கண்ணைத் தொறக்கலைங்க. நான் மூடச் சொன்னேனில்ல, மூடினபடியே இருக்காங்க. ஞானவடிவேல் தலையை மெதுவா ஆட்டறாரு. ஈரோட்டுக் கவிஞர் கர்ச்சீப்புல கண்ணைத் தொடைக்கறாரு. அந்தப் பாட்டுக்கு! கண்ணைத் தொறந்து வெச்சிருந்தது ரெண்டு பேருதான். ஒண்ணு மௌனகுரு. பின்னால தூணுகிட்ட நின்னுட்டு, எப்படி மச்சான்னு பெருவிரலைக் காட்டறான். இன்னொண்ணு தனபாக்கியம். அவ காலால தாளம் போடறா.

முடிஞ்சதும் காலேஜ்ல படிக்கற ஒரு பொண்ணு எழுந்துச்சு. ஐயா, நான் இதைப் போன்ல கேட்டிருக்கேன், இதுல அவரோட சம்சாரம் செருப்பை ஒளிச்சு வெச்சுட்டதைத்தானே பாடறாருன்னு கேட்டுச்சு. ஞாயித்துக்கெழமை சாயங்காலம் அவரு எங்கயோ வாசிக்கப் போகணும். போக வேண்டாம்னு அந்தம்மா செருப்பைக் குளுந்து போன அடுப்புக்குள்ள ஒளிச்சு வெச்சிருதாம். அவரு ஊடு பூராத் தேடறாராம். கடைசியில கெடைக்குதாம். பாத்துட்டு, அதே எடத்துல திருப்பி வெச்சுட்டு, கெடைக்கலைன்னு சொல்லிட்டு அந்தம்மா பக்கத்துல உக்காந்துக்கறாராம். அவ்வளவுதான் பாட்டு.

நான் என்ன சொன்னேன்னு நெனக்கறீங்க? "அதுதானம்மா துயரத்தின் உச்சம். அழ முடியாதவன்தான் சிரிக்கிறான்"னு சொன்னேன். கைதட்டுல ஹால் அதிர்ந்து போச்சு. கொண்டுபோன புத்தகம் பூரா வித்துருச்சு. அன்னைக்குக் கூப்பிட்டதுதான் இந்தப் பொள்ளாச்சி மீட்டிங்கும்.

ஊட்டுக்கு வந்து மௌனகுருவை உண்டு இல்லைன்னு பண்ணிட்டேன். என்ற பொட்டியைத் தொட நீ யாருடான்னேன். அவன் முழிக்கறான். "நல்லதுதானுங்க மச்சான் பண்ணினேன்"ங்கறான். பழைய பெல்ட்டைக் கொண்டாடான்னேன். அதைக் குப்பையில போட்டாச்சாம். உன்ற ஊட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். சொன்னது சொன்னதுதான்.

அதுக்கப்பறம் எங்க ஊட்டுல நடந்த அநியாயத்தைக் கேளுங்க. தனபாக்கியம் தானா வந்து, "ஏனுங்க, அந்தச் செருப்புப் பாட்டைப் போடுங்க"ங்கறா. ரெண்டு வருசமா ஒரு நாள் கேட்டவ இல்லை. போட்டா, கேட்டுட்டு ஒரே சிரிப்பு. "அடுப்புக்குள்ளயா செருப்பை வெப்பாங்க, கருமம். நானா இருந்தா வாஷிங் மெஷினுக்குள்ள வெப்பேன், உங்களுக்கு அது இருக்கற எடமே தெரியாது"ங்கறா. டாலிவர் பாடறப்ப மிக்சி போடறா. சட்னி வந்துருச்சு தட்டுக்கு. தேங்காய்ச் சட்னி. நல்லாத்தான் இருந்துச்சு, அதை ஏன் மறைக்கணும். ஆனா எனக்கு என்ற டாலிவர் வேணும் தம்பி. நான் அழுதது பொய்யா? சொல்லுங்க. என்னை அழுக வெச்சது தட்டை மெதுவாச் சுத்த விட்ட ஒரு தொங்கிப் போன ரப்பர் பெல்ட்டுன்னு நான் எப்படி ஒத்துக்கறது?

அதுக்கு ஒரு வழி கண்டுபுடிச்சேன். சுத்தற தட்டோட ஓரத்துல இந்த வெரலை லேசா வெச்சா வேகம் கொறையும். அழுத்தமா வெச்சா நின்னுரும். லேசா, ஒரே மாதிரி வெக்கணும். வித்தைங்க அது. இந்த வெரல் நுனியைப் பாருங்க, காய்ச்சுப் போயிருக்குது. பொள்ளாச்சிக்குன்னு பழகினேன். யாருக்கும் தெரியாம பொட்டிக்குப் பின்னால நின்னுட்டு வெரலை வெச்சா, பழைய டாலிவர் வந்துருவாரு. விம்மலும் வருது.

முந்தாநாள் அப்படிப் பழகிட்டு இருந்தப்ப தனபாக்கியம் பாத்துட்டா. கதவுகிட்டயே நின்னா. ரொம்ப நேரம் என்ற வெரலையே பாத்தா.

"அந்த மனுசன் பாட்டுக்குச் சிரிச்சுட்டுப் பாடியிருக்கறான். வெரலை வெச்சு அழுக வெக்கறீங்களே, நாயமுங்களா?"ன்னா. "ரெண்டு வருசமா இந்த ஊட்டையும் இப்படித்தானுங்க ஓட்டிட்டு இருந்தீங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

என்ன சொல்றான்னே எனக்கு வெளங்கலை. ஊட்டுல எங்கீங்க பெல்ட்டு இருக்குது? மறுநாளு, அதான் நேத்து, பையைத் தூக்கிட்டு அவிநாசிக்குப் போயிட்டா.

அந்தக் கோவத்தோட இன்னைக்குக் காலையில கெளம்பறேன், தோல் செருப்பைக் காணோம். அந்த மேடைச் செருப்பு. சரி, பழசைப் போட்டுட்டுப் போலாம்னு பாத்தா அதையும் காணோம். ஊடு பூராத் தேடினேன். கட்டிலுக்கு அடியில, பீரோவுக்குப் பின்னால, மாடியில, எல்லா எடமும். எதுத்த ஊட்டுல ஒரு நாய் இருக்குது, அந்த நாய்தான் தூக்கிட்டுப் போயிருக்கும். அவங்ககிட்டப் போயிச் சத்தம் போட்டுட்டு, பாத்ரூம் செருப்போட பஸ் ஏறிட்டேன். நாய் தூக்கறதா இருந்தா ஒத்தைச் செருப்பைத்தானே தூக்கும், ரெண்டு ஜோடியையும் எப்படித் தூக்குச்சுன்னு அந்தம்மா கேட்டாங்க. ஏன், தூக்காதா? நாய்க்கு ஜோடி தெரியாதா?

ஏன் தம்பி சிரிக்கறீங்க?

இல்ல, நான் சிரிக்கற மாதிரி என்ன சொன்னேன்? செருப்பு காணாமப் போறது உங்களுக்குச் சிரிப்பா இருக்குதா? மீட்டிங்குக்குப் போற அன்னைக்கு, ரெண்டு ஜோடியையும்...

...

நான் வாஷிங் மெஷினைத் தொறந்து பாக்கலைங்க.

அது எங்க இருக்குதுன்னே எனக்குச் சட்டுனு தோணலை பாருங்க. பின்கட்டுல இருக்குது. ரெண்டு வருசம்... அவ ஒரு வார்த்தை சிரிச்சுப் பேச மாட்டாளான்னு நான் நெனச்சதே இல்லைங்க. கோவிச்சுட்டுப் போறப்பக்கூட அவ என்னோட வெளையாடிட்டுப் போயிருக்கறா. நான் எதுத்த ஊட்டு நாயோட சண்டை போட்டுட்டு வர்றேன்.

இது எந்த ஊரு? கிணத்துக்கடவா? ஏனுங்க கண்டக்டர், சித்தெ நிறுத்துங்க. ஆமாங்க, பொள்ளாச்சி டிக்கெட்டுதான். பரவாயில்லை, நிறுத்துங்க. இங்கிருந்து திரும்பக் கோயமுத்தூருக்கு உக்கடம் பஸ் கெடைக்குமில்ல? அங்க போனா அவிநாசிக்கு நெறைய வண்டி.

தம்பி, இந்தப் பொட்டியைக் கொஞ்சம் புடிங்க, நான் எறங்கினதும் ஜன்னல் வழியாக் குடுங்க. ரெகார்டு பத்தரம். அவளுக்கு நாளைக்குப் பால் பொங்கறப்ப அந்தப் பாட்டைப் போடணும். மௌனகுருவே போடட்டும், அவன்தானே வைத்தியம் பாத்தவன். நான் வெரலைக் கட்டிட்டு நிக்கறேன்.

பொள்ளாச்சியில எறங்கறப்ப பஸ் ஸ்டாண்டுல ஞானவடிவேல் நிப்பாரு. கதர் ஜிப்பா, கையில மாலை. நீலவிரதன் வரலை, அவருக்குப் பெல்ட்டு மாத்திட்டாங்கன்னு சொல்லிருங்க. புரியாது. புரியாட்டியும் தலையை ஆட்டிக்குவாரு.

இல்லைங்க, ஊட்டுக்குப் போயிச் செருப்பை எடுத்துட்டுப் போகலை. இந்தப் பாத்ரூம் செருப்போடயேதான் போறேன். வாசல்லயே நின்னு மொதல்ல என்ற காலைத்தான் பாப்பா. செருப்பு கெடைச்சுதாங்கன்னு கேப்பா. கெடைக்கலைன்னுதான் சொல்லணும்.